பார்வை: ஓர் அட்டை மூடி

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் எதிரே
புங்கமரத்தடியில் பத்தொன்பது வருஷம்.
திங்கள்தோறும் மனு. ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்.
கைநாட்டுக்காரரிடம் முப்பதும் வாங்கியிருக்கிறேன்.
பட்டா, முதியோர் பென்ஷன், பாதையை மறித்த பங்காளி,
எல்லாருக்கும் ஒரே தொடக்கம்:
'பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்.'

இந்த முனிரத்தினத்தைத்தான்
தோட்டப்பாளையத்துப் பள்ளிக்கூட ஹாலில்
மூன்று சனிக்கிழமை உட்கார வைத்தார்கள்.
இளைஞர்களுக்கு வழித்துணையாக இருக்கப் பயிற்சி.
கத்திரி வெயில். இரண்டு மின்விசிறியில்
ஒன்று சத்தத்துக்கு மட்டும்.
ஹெப்சிபா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்:
"பிள்ளைங்க எழுதும்போது பேனாவைப் பிடுங்காதீங்க.
கை பரபரத்தா பாக்கெட்ல விடுங்க."
வேட்டிக்கு ஏது பாக்கெட்?
கைமேல் உட்கார்ந்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு விளையாட்டு.
நான் பதினேழு வயதுப் பெண்ணாம்.
மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற தர்மலிங்கம் எனக்குத் துணையாம்.
என் தெருவில் விளக்கு எரியவில்லை.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் அவர்
யாரைப் பார்ப்பது என்று சொல்லி, பார்த்தும் வந்து,
என் சார்பில் கோபப்பட்டு
என் சார்பில் நன்றியும் சொல்லி முடித்தார்.
எட்டு நிமிடம். விளக்கு எரிந்துவிட்டது.
என் தெரு எது என்று யாரும் கேட்கவில்லை.
ஹால் சிரித்தது.
எனக்கு மட்டும், மரத்தடியில்
பேச வாயெடுத்து மூடிக்கொண்ட முகங்கள்
ஒவ்வொன்றாய் வந்து நின்றன.

பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு ஷூ கம்பெனி.
ரிஸ்வானா, யோகேஸ்வரி,
தைக்கிற செக்ஷனில் இன்னும் நாலு பேர்.
எட்டரைக்கு ஷிப்ட் விட்டால் வாசலில் பஸ் நிற்காது.
மனு போட்டுவிடலாம் என்று நான் தொண்டையைச் செருமும்போது
"எத்தினி நாளு நிக்கலன்னு கேட்டா
இன்னா சார் சொல்றது?" என்றாள் யோகேஸ்வரி.
பத்தொன்பது வருஷத்தில்
நான் யாரிடமும் கேட்காத கேள்வி.

ஆறு ராத்திரி நின்றார்கள்.
ஷூ டப்பா மூடியின் உள்பக்கத்தில்
வண்டி எண், மணி, நின்றதா இல்லையா.
பதினேழு பஸ். நின்றது மூன்று.
அதில் ஒன்று, டிரைவர் டீ குடிக்க.
அதையும் எழுதியிருந்தார்கள்.

மனுவில் 'பணிவுடன்' இல்லை. 'பொருள்' வரி இல்லை.
'நிறுத்தம்' எல்லா இடத்திலும் 'நிருத்தம்'.
பஸ்ஸை ஆடச் சொல்கிறீர்களா என்று கேட்க நாக்கு துடித்தது.
அடியில் கை மரத்துப்போனது.
பிறகு ரிஸ்வானாவே மொபைலில் தேடி
இரண்டு இடத்தில் திருத்தினாள். மூன்றாவதை விட்டுவிட்டாள்.
பணிவைப் பற்றி மட்டும் மெல்லக் கேட்டேன்.
"பஸ்ஸு நிக்கணும்னுதானே கேக்கறோம்,
அதுக்கு அது இன்னாத்துக்கு சார்?"

திங்கட்கிழமை வரிசையில்
அவர்களுக்குப் பின்னால் ஏழு பேர் தள்ளி நின்றேன்.
அட்டையில் பஞ்ச் இறங்கவில்லை.
குமாஸ்தா புரட்டிப் பார்த்தார்.
நீயா எழுதினாய் என்பதுபோல் என்னையும் பார்த்தார்.
இல்லை என்று தலையாட்டினேன்.
எழுதிக்கொடுத்த எதற்கும்
அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை நான்.
கடைசியில் மூடியின் மேலேயே முத்திரை விழுந்தது,
'அளவு 38'க்குப் பக்கத்தில்.

பஸ்?
இந்த வியாழன் நின்றதாம், நூறடி தள்ளி.
ஓடிப்போய் ஏறியிருக்கிறார்கள்.
அதை 'நின்றது' என்று எழுதுவதா 'நிற்கவில்லை' என்றா,
ஆறு பேருக்குள் இன்னும் சண்டை.
நீங்க சொல்லுங்க சார் என்றார்கள்.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போன திங்கள் மரத்தடிக்கு ஒருவர் வந்தார்.
அணைக்கட்டுப் பக்கம், கிணற்றுத் தகராறு.
காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தி
"எப்படி ஆரம்பிக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தார்.
பையை எடுத்துக்கொண்டு
அடுத்த மரத்தடிக்குப் போய்விட்டார்.
ஐம்பது ரூபாய்.